பதினான்காம் நிமிடம், முப்பத்திரண்டாம் நொடி

ட்ரொம்சோவில் நவம்பர் கடைசி.
சூரியன் எழாத ஊரில்
காலை பதினொரு மணி என்பது ஒரு நம்பிக்கை.

ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில்
தூரிட் குழந்தைகள் விழுவதை எண்ணுகிறாள்.
சம்பளம் மணிக்கணக்கில்,
எத்தனை பேர் விழுந்தாலும் அதேதான்.

குழந்தை 047. பதின்மூன்று மாதம்.
நடக்கத் தொடங்கி ஒன்பது நாள்.
இடுப்பில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி
அசைவை எழுதிக்கொண்டே இருக்கிறது,
எங்கே போக அசைந்தது என்று கேட்காமல்.

கையேடு, பக்கம் ஆறு:
பாதம் தவிர்த்த எந்த உறுப்பும்
எண்ணாமல் தரையைத் தொட்டால்
அது விழுதல்.

எண்ணுவது இவள் வேலை.
எண்ணாமல் இருப்பது குழந்தையின் வேலை.
இந்த ஒரு சொல்லுக்குள்
செப்டம்பரிலிருந்து குடியிருக்கிறாள்.

பச்சைக் கம்பளம் முடியும் இடம்.
தளர்நடை.
ஒரு தோள் முன்னால் போய்
மற்றதற்காகக் காத்திருக்கிறது.
கையில் மரக்கரண்டி.
தலை சற்றே திரும்ப,
முழங்கால் மடிய,
உட்கார்கிறது.
அல்லது விழுகிறது.

அழவில்லை. அழுதாலும் அதற்குக் கட்டம் கிடையாது.
விழுந்த பிள்ளைக்காகத் தரையை அடிக்கும் வழக்கம்
இந்த ஊரில் இல்லை;
கரண்டியால் இரண்டு அடி
குழந்தையே போட்டுக்கொள்கிறது.

பக்கத்து அறையில் அஸ்லாக்
இதே நொடிக்கு "உட்கார்ந்தது" என்று எழுதியிருக்கிறான்.
இருவர் கணக்கும் ஒத்துப்போனால்தான்
அது அறிவியல்.
காப்பியோடு வந்து நாற்காலியை இழுக்கிறான்.
ஒரு காலத்தில் பனிமேட்டிலிருந்து பறந்தவன்,
இரண்டு முழங்காலிலும் தையல்.

"விழுகிறவர்கள் கையை விரிப்பார்கள்.
இவள் கரண்டியை விடவே இல்லை, பார்."
"உட்காரப் போகிறவள் இடத்தைப் பார்ப்பாள்.
இவள் கண் எங்கேயோ இருக்கிறது."
"எங்கே?"

மறுபடி ஓட்டுகிறார்கள்.
நொடிக்கு இருபத்தைந்து படம்,
ஒவ்வொன்றாக.
காப்பி ஆறுகிறது.
பத்தொன்பதாம் முறையில்தான்
திரையின் இடது ஓரத்தில் அந்தக் கை தெரிகிறது:
பழுப்புக் கம்பளிச் சட்டை, ஒரு தகப்பனின் மணிக்கட்டு.
தொடக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறோம்.
இரண்டு அங்குலம் வருகிறது.
காற்றில் நிற்கிறது.
பிறகு தன் முழங்காலையே பிடித்துக்கொள்கிறது.

விதிப்படி ஒலி அணைந்திருக்க வேண்டும்.
தூரிட் திறக்கிறாள்.

"யோருன்."

கூரை விளிம்பில் நிற்பவரிடம்
பேசுகிற குரலில்.

இரண்டு மாதமாக 047.
அஸ்லாக் கோப்பையைக் கீழே வைக்கிறான்.
பெயர் கேட்டுத்தான் தலை திரும்பியது.
தலை திரும்பியதால்தான் கால் மடிந்தது.
அல்லது,
குரல் இருக்கும் பக்கம் தெரிந்துவிட்டது,
இனி உட்காரலாம் என்று தோன்றியது.

ஏற்கெனவே தெரிந்துகொண்டதை
எந்தக் கட்டத்திலும் போட முடியவில்லை.
ஒலியை அணைத்துவிட்டு
ஒன்பது என்று எழுதுகிறார்கள்:
தீர்மானிக்க இயலாதது.
பேராசிரியர் ஹெல்யெசனுக்கு ஒன்பதுகள் பிடிக்காது,
அவர் வரைபடத்தில் அவை ஓட்டைகள்.

ஐந்து மணிக்கு இருவரும் இறங்குகிறார்கள்.
நூலகத்துச் சரிவில் மழை பெய்து உறைந்திருக்கிறது.
பேருந்து நேரம் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்த அஸ்லாக்
வாக்கியத்தின் நடுவில் இல்லாமல் போகிறான்.

"உட்கார்ந்தேன்" என்கிறான் கீழேயிருந்து.

தூரிட்டுக்குச் சிரிப்பு வரவில்லை.
வலக்கை வெறுமையாக
முன்னால் நீண்டிருக்கிறது.
எப்போது நீட்டினாள் என்று தெரியாது.
கையுறை மட்டும்
மூன்றடி தள்ளி, பனிக்கட்டி மேல்,
விரல்கள் விரிந்து கிடக்கிறது.