ஆயிரம் மில்லிமீட்டர் நீர்

இமெரேத்தி மலையடிவாரத்தில்
மாங்கனீசு உருக்கும் ஆலை. எனக்கு இரவுமுறை.
மூன்றாம் உலையின் புகையைக் கழுவும் கோபுரம்
என் பொறுப்பு.

கோபுரத்துக்கு ஒரு தொண்டை உண்டு.
பழுப்புப் புகை அங்கே நெரிபட்டு
தலைதெறிக்க ஓடும்போது
பக்கத்திலிருந்து நீரைப் பீச்சுகிறோம்.
நீர் உடைந்து துளியாகும்.
துளி தூசியில் மோதும்.
மோதியது கனத்து, கீழே சேறாகி,
குழாய் வழியே தொட்டிக்குப் போகும்.
தொட்டியிலிருந்து எங்கே என்று
என் பணிவிவரத்தில் இல்லை.

பெரிய தூசி அப்பாவி,
நேராக வந்து முட்டிக்கொள்ளும்.
சின்னது அப்படியில்லை.
மயிரிழையின் நூறில் ஒரு பங்கு இருப்பது
துளியைக் கண்டதும்
காற்றோடு காற்றாக வளைந்து நழுவும்,
கடன் கொடுத்தவன் எதிரே வந்தால்
சந்தில் திரும்பிவிடுகிறவனைப் போல.

அதைப் பிடிக்க ஒரு வழிதான்.
தொண்டையை இன்னும் இறுக்க வேண்டும்.
விசிறி அலறும். மின்சாரம் காசைத் தின்னும்.
முள் ஆயிரம் மில்லிமீட்டர் நீரைத் தொடும்.
தொட்டால் சின்னதும் சிக்கும்.

பதினொரு மணிக்கு நோடார் அழைப்பான்.
"அறுநூறு போதும், லாமாரா.
ஆயிரம் என்று எழுதிவிடு."
வளையத்தைத் திருப்புவேன். விசிறி தணியும்.
உச்சியில் வெள்ளைப் புகை
மாறாமல் நிற்கும்.
அது வெறும் நீராவி.
ஊர் அதைத்தான் பார்த்துத் திட்டுகிறது.
திட்ட வேண்டியது
அதற்குள்ளே ஒளிந்து, நிறமில்லாமல்,
தூங்குகிறவர்களின் மூக்கு தேடி இறங்குகிறது.

பிப்ரவரியில் ஒரு நாள் உருகி எரிந்துபோய்
மாற்று தேடி அலமாரியைக் குடைந்தேன்.
பழைய பதிவேடுகள். ஒன்பது வருடம்.
எனக்கு முன்னால் இங்கே இருந்த
வாலேரியானின் கையெழுத்து.
முதல் வருடம் ஒவ்வொரு எண்ணும்
கட்டத்தை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
நான்காவதில் கொஞ்சம் ஒடுங்கியது.
ஏழாவதில் கடுகு.
கடைசி மாதங்களை
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கண்ணருகே பிடித்து,
விளக்கின் கீழே படித்தேன்.

கட்டத்தில் ஆயிரம்.
ஓரத்தில், கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே,
எறும்பு முட்டை அளவில்
அறுநூறு. அறுநூறு. ஐந்நூற்று எண்பது.
தேதி தவறாமல்.

எத்தனை ஆய்வாளர்கள் புரட்டிய பக்கங்கள்!
முத்திரை குத்தியிருக்கிறார்கள்,
மை அந்த எண்கள்மேலேயே வழிந்திருக்கிறது.
யார் கண்ணிலும் மோதாமல் நழுவியிருக்கின்றன.

மாங்கனீசு மூளைக்குள் போனால்
எழுத்து சிறுக்கும் என்று
மருந்தகத்தில் ஒருத்தி சொன்னாள்.
முதலில் எழுத்து, பிறகு நடை, பிறகு சிரிப்பு.

ஞாயிறன்று ரொட்டிக்கடை வரிசையில்
வாலேரியான் எனக்கு முன்னால் நின்றார்.
வேண்டுமென்றா, நோயா என்று கேட்டேன்.
"ஓரத்தில் எழுதினீர்களே, அது."
முகத்தில் ஒரு தசை அசையவில்லை.
நீண்ட ரொட்டியை நடுவில் பிடித்திருந்தார்.
அதன் நுனி மட்டும்
முள்ளைப் போல
அறுநூறுக்கும் ஆயிரத்துக்கும் இடையே ஆடியது.
என் பங்குக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு,
குதிகால் உயராமல்,
தரையைத் தேய்த்துக்கொண்டே போனார்.

இன்றிரவும் நோடார் அழைத்தான்.
இன்றிரவும் திருப்பினேன்.
வீரம் என்று ஏதும் இல்லை என்னிடம்,
வாடகை இருக்கிறது.

பதிவேட்டைத் திறந்தேன்.
கட்டத்துக்குள்ளேயே எழுதினேன்.
அறுநூறு.
கோடுகளை இடிக்கும் அளவுக்குப் பெரிதாக.
கை நடுங்குகிறதா என்று பார்க்கவும்தான்
அவ்வளவு அழுத்தினேன்.

பக்கத்தைப் புரட்டினால்
நாளைய கட்டத்திலும்
மையில்லாமல் பதிந்திருக்கிறது.