இரண்டரைப் பவுண்

சோளகம் எழும்பினால் பாசையூர்க் கடற்கரையில்
ஐந்து இரவு கூத்து.
கதிரைக்கு இருநூறு ரூபாய், மணலுக்கு ஒன்றுமில்லை.
நான் கதிரை.
வங்கியிலிருந்து நேரே வந்த சேலை.

வியாழன் இரவு பாதியில் எழும்பிவிட்டேன்.
யார் வரப்போகிறார் என்று கட்டியகாரன் பாடி,
வந்தவர் தான் யாரென்று பாடி,
வந்தவர் வந்துவிட்டார் என்று
பின்பாட்டுக்காரர் எல்லாரும் பாடி முடிக்கப்
பத்தரை மணி.
பக்கத்துக் கதிரைக்காரி கச்சான் உடைத்தபடி சொன்னாள்:
"இதுக்கே கொட்டாவியோ?
இன்னும் மந்திரி வரேல்லை, தங்கச்சி."

வெள்ளி, பிளாஸ்க்கில் கோப்பியோடு போனேன்.
ஜெனரேற்றர் இரண்டுமுறை நின்றது.
இருட்டிலும் ஆட்டம் நிற்கவில்லை,
சலங்கை மட்டும் இடமும் வலமும் போய்வந்தது.
அப்போதுதான் பிடிபடத் தொடங்கியது எனக்கு,
என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சனி.
திரை விலகமுன் குரல் வந்தது,
இருட்டுக் கடலுக்குள்ளிருந்து யாரோ
கரைக்குக் கயிறு எறிந்த மாதிரி.
மத்தளக்காரர் நிமிர்ந்து இருந்தார்.
ஐஸ்கிரீம் வான்காரன் தன் பாட்டை நிறுத்தினான்.
ராசா வந்தார்.
சரிகை, கண்ணாடித் துண்டுகள்,
தலை திருப்பும்போதெல்லாம் முடியிலிருந்து
எங்கள் முகங்களில் தெறித்த வெளிச்சம்.

அந்தப் புருவத் தழும்பை நான் அறிவேன்.

அடைவுப் பிரிவு, இரண்டாம் கருமபீடம்,
சித்திரையில் ஒரு செவ்வாய்.
செபஸ்தியான் எமிலியான்ஸ். தொழில்: கடல்.
சங்கிலி ஒன்று, இரண்டரைப் பவுண்,
கொளுக்கியில் நீல நூல் சுற்றியது.
கடனின் நோக்கம் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.
"உடுப்புக்கு" என்றார்.
பிள்ளைக்குப் பள்ளிக்கூட உடுப்பு என்று நினைத்து
கல்வி என்று எழுதினேன்.

இப்போது மேடையில்
ஏழறை நிறையப் பொன்னிருக்கு என்கிறார்,
எண்ணி முடிக்க ஆளில்லை என்கிறார்.
சனம் கைதட்டுகிறது.
வாடிக்கையாளர் இரகசியம் தொண்டைக்குள் நிற்க
நானும் தட்டினேன்.

பக்கத்தில் கச்சான் உடையவில்லை.
அவள் உதடு அசைந்தது, அவர் பாட அரை அடி முந்தி.
"இதிலைதான் மூச்சு எடுப்பார்" என்றாள்.
எடுத்தார்.
"உங்கட ஆளோ?"
"ஓம். மெற்றில்டா, நான்."
கழுத்தில் ஒரு செபமாலை மட்டும்.
நான் கோப்பியை நீட்டினேன்.
அவள் மூடியில் ஊற்றி
மேடையை விட்டுக் கண் எடுக்காமல் குடித்தாள்.

மூன்றரைக்கு ராசாவைச் சிறையில் போட்டார்கள்.
கையில் உண்மை இரும்பு, துருவோடு.
பலகையில் விழுந்த சத்தத்துக்கு
மணலில் நித்திரையான பிள்ளைகள் எழும்பின.
"அது எங்கட வள்ளத்து நங்கூரச் சங்கிலி" என்றாள்,
"விடியத் திருப்பிக் கட்டவேணும்."
அவர் பாடினார்.
நாடு போனதை இல்லை, முடி போனதை இல்லை,
பொழுது எப்பக்கம் விடியும் என்று
சுவரைக் கேட்டார்.
எனக்கு முன்னாலிருந்த தடித்த மனுசன்
தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.
நான் அழவில்லை.
சேலைத் தலைப்பு ஏன் ஈரம் என்று
வீட்டில்தான் பார்த்தேன்.

மங்களம் முடியக் கிழக்கு வெளுத்தது.
வள்ளங்கள் கரை ஏற, மீன் கூறுகிற சத்தம்
கடைசி மத்தள அடிக்கு மேலால் வந்தது.

திங்கள், பத்து மணி.
கண்ணாடித் துளைக்கு அப்பால் எமிலியான்ஸ்,
வட்டி கட்ட.
இருபதும் ஐம்பதுமாய் மீன் மணக்கும் தாள்கள்.
காதுக்குப் பின்னால் கழுவாமல் விட்ட சிவப்பு.
குரல் சின்னனாய், ஒரு கூலியாளின் குரல்:
"வந்தனீங்களாம், மனுசி சொன்னவ.
சிறைப் பாட்டு கடைசிக் கதிரைக்கும் கேட்டதோ?
காத்து எதிர்."
"கேட்டது" என்றேன். "மந்திரிதான் சுருதி விட்டவர்."

சிரித்தார் பாருங்கள்.
வாசலில் காவலாளி தொப்பியைச் சரிசெய்தான்.
மூன்றாம் கருமபீடத்தில் முத்திரை குத்திய கை
அப்படியே நின்றது.

பற்றுச்சீட்டைத் தள்ளினேன்.
"மிச்சம் புரட்டாதி பதினைஞ்சுக்கு முதல்.
பிந்தினா ஏலத்துக்குப் போயிடும்."
"ஓம்" என்றார் ராசா,
தாளை நாலாய் மடித்துச்
சட்டைப் பைக்குள் வைத்தார்.