இடுப்பில் கோடு போட்ட ஏழு

ஆறு மணிக்கு
மிண்டராகூல் நினைவு மண்டபத்தின் கதவைச் சாத்தினோம்.
வாசலில் சாசேஜ் சுட்டவர்கள் அடுப்பை அணைத்தும்
வெங்காய வாசம் உள்ளேயே தங்கிவிட்டது.
முத்திரையை உடைத்து
அட்டைப் பெட்டியை மேசையில் கவிழ்த்தோம்:
முந்நூற்று நாற்பத்தொரு பச்சைத் தாள்கள்.
சுவரில் போர்களில் செத்தவர்களின் பலகை.
அதில் பாதிப் பெயர்கள்
இன்று காலையும் வந்து வரிசையில் நின்றன,
பேரன்களாக.

வராவிட்டால் அபராதம்,
அதனால் எல்லோரும் வருவார்கள்.
ஒருவருக்கு நேரே ஒன்று போட்டால் போதாது,
எட்டுப் பேரையும் வரிசைப்படுத்த வேண்டும்,
பிடித்தவர் தொடங்கி
முகத்தில் விழிக்கப் பிடிக்காதவர் வரை.
பதினோரு தேர்தல் எண்ணியவள் சொல்கிறேன்,
ஒன்றைக் கிறுக்குகிறார்கள்,
எட்டை நிதானமாக எழுதுகிறார்கள்.

மற்ற நாளெல்லாம் எனக்கு
தானியக் கிடங்கின் எடைமேடை.
லாரி திரும்பும்போதே டன் கணக்குச் சொல்லிவிடுவேன்.
ஊரும் அப்படித்தான் எனக்கு:
கோதுமைக்காரர்கள் உழவர் கட்சி.
ரயில்வேயில் ஓய்வுபெற்ற நாலு வீடு தொழிலாளர் கட்சி.
பள்ளிக்கு மாற்றலாகி வரும் டீச்சர் பசுமைக் கட்சி,
அவள் மாற்றலாகிப் போனால்
அந்த ஓட்டும் கூடவே பஸ் ஏறிவிடும்.
நூற்றுக்கு எழுபத்தொன்று. அறுபத்தெட்டு. எழுபது.
மெல்பர்ன் தொலைக்காட்சி
எங்கள் பெயரைப் படிப்பதுகூட இல்லை.

ரகசிய வாக்குதான். யார் இல்லை என்றது?
ஆனால் எண்களுக்குக் கை இருக்கிறதே.

ஆற்றோரத் திராட்சைக்காரர்கள்
கலாப்ரியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தவை
கவாத்துக் கத்தரி, தக்காளி விதை,
இடுப்பில் அரைஞாண் கட்டிய ஏழு.
அவர்கள் பிள்ளைகளின் ஏழு அம்மணமாகத்தான் நிற்கிறது,
பள்ளியில் அப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்.
கோடு போடுகிறவர்கள் இப்போது மூன்றே பேர்.
இருவருக்குத் தபால் வாக்கு.
மிச்சம் நுன்சியோ பெலட்டா.

முப்பது வருடமாக நுன்சியோவின் வேலியில்தான்
உழவர் கட்சிப் பலகை.
காற்று சாய்த்தால் நிமிர்த்துவான்,
வெயில் வெளுத்தால் புதிது கேட்டு வாங்குவான்.

அந்தத் தாளில்
அந்தக் கட்சிக்கு நேரே
ஏழு.
நடுவில் கோடு,
பென்சில் முனை தாளைக் கிழித்திருந்தது.

எட்டு என்றால் கோபம் என்று நகர்ந்திருப்பேன்.
எட்டை ஏதோ ஊர்பேர் தெரியாதவனுக்கு ஒதுக்கிவிட்டு
யோசித்து, மெனக்கெட்டுப் போட்ட ஏழு.

தண்ணீரை மண்ணிலிருந்து பிரித்து
தனியாக விற்கலாம் என்று அவர்கள் சட்டம் கொண்டுவந்த கூட்டம்
இதே மண்டபத்தில் நடந்தது.
கைதட்டியவர்களில் அவனும் இருந்தான், நானும்.
பாதாம் கம்பெனி வாங்கிப் போனது.
பட்ட கொடிகளைப் பிடுங்கிக் குவித்து அவன் கொளுத்தியபோது
புகை மூன்று நாள்
எடைமேடை வரைக்கும் வந்து கண்ணைக் கரித்தது.
அப்போதும் பலகை வேலியில் இருந்தது.

கட்சி முகவர் டெனிஸ் ஹோகார்த்
மேசைக்கு எதிரே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.
தாளை எடுத்து
தனித்து நின்ற நர்ஸின் கட்டில் வைத்தேன்.
அந்தக் கட்டு இந்த முறை
ரப்பர் வளையத்துக்குள் அடங்கவில்லை.
உழவர் கட்சி ஐம்பத்திரண்டு.
"வறட்சி" என்றார் டெனிஸ்.
கொஞ்ச நேரம் கழித்து, "இளசுகள்" என்றார்.
நான் கூட்டலைச் சரிபார்த்தேன்.

மறுநாள் பேக்கரியில்
இரண்டு ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
நுன்சியோ கேட்டான்,
"என்ன, வழக்கம்போலத்தானே?"
"வழக்கம்போலத்தான்."
சில்லறையை இருமுறை எண்ணி வாங்கிக்கொண்டான்.
இரவில் அடித்த காற்றில் பலகை சாய்ந்திருக்கும்,
போய் நிமிர்த்த வேண்டும் என்றான்.

என் தாளும் அந்த மேசையில்தான் கிடந்தது.
டெனிஸுக்கும் கண் இருக்கிறது,
முப்பது வருட எடைச்சீட்டில் என் எண்கள் ஊருக்கே பாடம்.
அதனால் அந்த ஒரு நாள் மட்டும்
நான் இடது கையால் எழுதுவேன்.