மூன்று மாதத்தில் போய்விடும்

கச்சான் காற்று கிளம்பினால்
கீழக்கரையில் முதலில் படுப்பது
எங்கள் பழைய லேசர்தான்.
ஈரம் ஐம்பதைத் தாண்டினால் ஒளி வழிதவறும்
என்பார் டாக்டர் நெய்னா லெப்பை.
காலை ஆறரைக்கே வந்து
ஈரமுறிஞ்சியின் வாளியைக் கொட்டுவேன்.
இரண்டு குடம் கடல்,
உப்பில்லாமல்.

பிளேடால் சீவிய காலத்தில் நான் இல்லை.
லேசரால் மடல் திறக்கையில் சேர்ந்தேன்.
இப்போது மடலும் இல்லை.
அரிசி நீளத்தில் ஒரு கீறல்,
அதன் வழியே உருவினால்
கண்ணுக்குள்ளிருந்தே ஒரு வில்லை.

மதுரை மாநாட்டில் யாரோ கேட்டார்களாம்:
உங்களில் எத்தனை பேர் செய்துகொண்டீர்கள்?
பாதி அரங்குக்கு மேல் கை உயர்ந்ததாம்.
இவர் கண்ணாடியைக் கழற்றித்
துடைத்துக்கொண்டே இருந்தாராம்.
மைனஸ் நாலே கால்.

நிக்காஹ் தேதி குறித்துவிட்டு வருகிறவர்களும்
கடலோரக் காவல்படைக்கு எழுதியவர்களும்
கேட்டதுதான்: "நீங்க மட்டும் ஏன் சார்?"
"கண்ணாடி இல்லாட்டி டாக்டர்னு யார் நம்புவா?"

அந்த வியாழன் அவரே மேசையில்.
கருவிழித் தடிமன் ஐந்நூற்று நாற்பத்தொன்று.
நான்தான் அளந்தேன்,
நான்தான் தலையைப் பிடித்தேன்.
"பச்சைப் புள்ளியைப் பாருங்க சார்"
என்றார் பெர்னதெத் டாக்டர்.
பதினெட்டு வருடமாக இவர் சொன்ன வாக்கியம்.
"சக்ஷன் எவ்வளவு?"
"பேசாதீங்க சார்."
முப்பது விநாடி.
கால் பெருவிரல்கள் இரண்டும்
ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்தன.

மறுநாள் ஆறுக்கு ஆறு.
சுவர்ப் பல்லியின் விரல்களை எண்ணிச் சொன்னார்,
இட்லி கேட்டுச் சாப்பிட்டார்.

ஐந்தாம் இரவு ஜெட்டியிலிருந்து போன்.
"கோட்டை, படகு விளக்கு ஒவ்வொண்ணுக்கும்
ஒரு வட்டம் இருக்கு."
கொஞ்ச நேரம் அலை மட்டும் கேட்டது.
"அந்தத் தங்கச்சிமடத்து ஆள் ஃபைல் எங்க?"

அருள்சீலன். விசைப்படகு டிரைவர்.
ஆறு வருடம் முன்பு மூன்று முறை வந்திருக்கிறார்:
ராத்திரி போயா விளக்கு பூத்துப் போகுது.
மூன்று முறைக்கும் கீழே, என் கையெழுத்தில்,
"மூன்று மாதத்தில் போய்விடும்
என்று சொல்லப்பட்டது."

ஸ்பீக்கரில் போட்டார்.
எஞ்சின் இரைச்சல், யாரோ வலை இழுக்கும் சத்தம்.
"எந்த டாக்டர்?... ஓ.
அது இருக்கு சார். எங்க போகும்?
வட்டத்துக்கு நடுவுல பாத்து ஓட்டிப் பழகிட்டேன்.
இப்ப எதுக்குக் கேக்குறீங்க?"

டாக்டர் மூக்கின்மேல் விரல் வைத்து
எதையோ மேலே தள்ளினார்.
அங்கே எதுவும் இல்லை.

வாளி நிரம்பிவிட்டதென்று
எந்திரம் கத்த ஆரம்பித்தது.
இருவருமே எழவில்லை.