காகிதத்தில் ஒரு பாதம்

வியாழக்கிழமை ஏலக்காரர் வருகிறார், எஸ்பியர்க்கிலிருந்து,
படகேறி.
அதற்குள் பிரித்து வை என்றாள் தங்கை:
விற்க, எரிக்க, வைத்துக்கொள்ள.
மூன்று நாளாயிற்று.
ஒரே குவியலின் நடுவில்
உட்கார்ந்திருக்கிறேன்.

பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்று. துரு மூடியைக் கவ்வியிருந்தது.
வெண்ணெய்க் கத்தியால் நெம்பினேன்.
கடல் மணக்கும் என்று நினைத்திருந்தேன்.
பழைய ரொட்டி மணத்தது.

பதினோரு கடிதங்கள்.
ஒற்றைக் கையுறை, இடது.
நெல்லிக்காய் அளவில் ஓர் அம்பர்த் துண்டு,
உள்ளே ஒரு கொசு, கால் ஒன்றும் முறியாமல்.
தையற்காரரின் பாக்கிச் சீட்டு. கட்டிய தடயமே இல்லை.

அம்மாவின் அப்பா சோனிக், கப்பல் தலைவர்.
அம்மாவின் அம்மா மாரென்,
இருபத்தொன்பதில் நின்றுபோனவள்.
பாட்டி என்று சொல்ல நாக்குக் கூசுகிறது.
என் மகளைவிடச் சின்னப் பெண்.

கையெழுத்தும் அப்படித்தான், மூச்சு வாங்காமல் ஓடும்:
"கார்டிஃபில் ஓயாத மழை. உப்பு ஜாடிக்குள்ளும் கரித்தூள்.
கடல் மயக்கம் எனக்கில்லை, சமையல்காரனுக்குத்தான்.
அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன்,
இரண்டு நாளாக உன் அத்தான் என்னோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் அவரே அடுப்பை மாற்றிப் பூட்டினார்,
நான் சொன்ன இடத்தில்.
நாய்களைத் திருப்பாதே மெட்டே.
வந்து நாங்களே திருப்பிக்கொள்கிறோம்."

எங்கள் தீவில் எல்லா வீட்டிலும் உண்டு,
சன்னலில் ஒரு சோடி பீங்கான் நாய்கள்.
ஆள் கடலில் என்றால் முகம் வெளியே.
ஆள் வீட்டில் என்றால் முகம் உள்ளே.
கரையில் ஒருத்தி இருப்பாள்
என்று நினைத்துப் போட்ட வழக்கம்.
அவளும் கப்பலேறினால் என்ன செய்வது என்று
யாரும் யோசிக்கவில்லை.

பிறகு கப்பல் அலுவலகத்தின் தாள், தட்டச்சில்:
'அனா சிஸ்ஸெல்' மூழ்கியதாகக் கருதப்படுகிறது.
'கருதப்படுகிறது' என்ற சொல்லின் கீழ்
சித்தி மெட்டே பென்சிலால் கோடிழுத்திருக்கிறாள்,
இரண்டு முறை, தாள் கிழியுமளவு.
தெற்கே ஏதோ கரையில் ஒரு பலகை ஒதுங்கியதாம்.
'சிஸ்ஸெல்' மட்டும் அதில் இருந்ததாம்.

நாய்கள் கடலையே பார்த்தன.
ஒன்று மட்டும் முழுசாக இல்லை.
ஏழு வயதில் என் அம்மா,
சித்தி மாதா கோவிலுக்குப் போன நேரம்,
முக்காலி போட்டு ஏறி
தலையை மட்டும் திருகிப் பார்த்திருக்கிறாள்.
உடல் வேண்டாம், முகம் திரும்பினால் போதும்,
வந்துவிடுவார்கள்.
மீன் பசையால் சித்தி ஒட்டியது கோணிப்போயிற்று.
அது கடலையும் பார்க்காது, வீட்டையும் பார்க்காது.
நூறு வருஷமாக அடுப்பைப் பார்க்கிறது.

அம்மா இதை ஒரே ஒரு தடவை சொன்னாள்,
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே. சிரித்தாள் கூட.

பதினோராவது கடிதத்தின் அடியில்
வேறு கையெழுத்து, கட்டை எழுத்து, பென்சில்:
"எல்லெனின் கால் அளவு அனுப்பவும்.
இங்கே ஒரு கடையில் சிவப்புச் செருப்பு பார்த்தேன்.
குழந்தைக் கால் எவ்வளவு வேகமாக வளரும்
என்று தெரியவில்லை."

கடைசியாக ஓர் உறை.
இக்கிக்கே துறைமுகம் வரை போய்த் திரும்பியது.
மூன்று நாட்டு முத்திரை.
"பெறுநர் வரவில்லை."

பிரித்தேன். சர்க்கரைப் பொட்டலத் தாள்.
நான்கு வயதுக் கால், சுற்றி வரைந்த கோடு.
சுண்டு விரலுக்கருகே பென்சில் வழுக்கியிருக்கிறது.
கூச்சத்தில் காலை இழுத்திருப்பாள்.

அளவு கிடைக்கவில்லையே என்று விட்டிருப்பாரா,
குத்துமதிப்பாக வாங்கியிருப்பாரா?
அந்த மனிதரை எனக்குத் தெரியாது.
அடுப்பை மாற்றிப் பூட்டியவர் என்பது மட்டும் தெரியும்.

ஏலக்காரர் தொலைபேசியில் கேட்டார்:
நாய்கள் இரண்டும் பழுதில்லாமல் இருக்கின்றனவா?
ஒன்று இருக்கிறது என்றேன்.
சோடியாக இருந்தால்தான் விலை, என்றார்.