சிவப்பு நிலத்தில் இரண்டு கோடுகள்

வீட்டுக்கு வயது தொண்ணூற்றிரண்டு
என்கிறது உறுதி.
நாங்கள் வாங்கியபோது அதற்கு
மூன்று மின்மானிகள், இரண்டு குசினிகள்,
ஒரு கிணறு,
கிணற்றை மூடி அதன் மேல் ஒரு குளியலறை.

வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கையில்,
இரண்டு ஏழுமாடிகளுக்கு நடுவே
யாரோ மறந்துவிட்டுப் போன செருப்புப் போலக் கிடந்தது.
ரயில் போகும் ஒவ்வொரு தடவையும்
யன்னல்கள் பல்லைக் கடித்தன.
இடித்துக் கட்டினால் பதினான்கு வீடு எடுக்கலாம் என்றார் தரகர்.
தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

ஹிருணி வந்தாள், பழைய வீடுகளுக்கென்றே படித்தவள்.
சின்னச் சுத்தியலால்
நெஞ்சில் தட்டும் டொக்டரைப் போலச் சுவரில் தட்டினாள்.
"சீமெந்து பூசிவிட்டார்கள். சுவருக்கு மூச்சு முட்டுகிறது."
உண்மைதான்.
இடுப்பளவு உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்:
கடல்.

எல்லாவற்றையும் உரித்துச் சுண்ணாம்பு பூசுவோம்,
வீட்டை அதன் முதல் வருசத்துக்குக் கொண்டுபோவோம் என்றாள்.
முகத்தில் தேர்தலுக்கு நிற்பவரின் வெளிச்சம்.

முதல் வருசம்.
லயனல் பாஸ் சுரண்டச் சுரண்ட
பச்சைக்குக் கீழே மஞ்சள்,
மஞ்சளுக்குக் கீழே ஆஸ்பத்திரி நீலம்,
நீலத்துக்குக் கீழே மறுபடி பச்சை.

யன்னல் கண்ணாடிகளில் பெருக்கல் அடையாளங்கள்.
குண்டு வெடித்தால் சில்லுப் பறக்காமலிருக்க
எவரோ ஒட்டிய நாடா.
நாடா எப்போதோ உதிர்ந்துவிட்டது, பசை உதிரவில்லை.
மண்ணெண்ணெய், வினாகிரி, சவர அலகு,
ஒரு கண்ணாடிக்கு ஒரு முழுநாள்.
பின்னேர வெயில் வந்ததும்
துடைத்த பெருக்கல் நிலத்தில் நிழலாக விழுந்தது.
"கண்ணாடி குடிச்சிட்டுது, நோனா" என்றார் லயனல் பாஸ்.

கூடத்தை மூன்றாய்ப் பிரித்து
இரண்டு ஒட்டுப்பலகைத் தடுப்புகள்.
விசாவுக்கும் ஏஜென்சிக்காரனின் போனுக்குமாய்
ஆட்கள் காத்துக்கிடந்த லொட்ஜ் அது.
பலகையில் பேனா எழுத்து:
தண்ணி அஞ்சு மணிக்கு நிக்கும்.
கேதீஸ் 340 தரவேணும்.
இண்டைக்கும் வரேல்லை.

கதவுக்குப் பின்னால் பொலிஸ் பதிவுப் படிவம்.
சிங்களத்தில் எழுதிய பதினொரு தமிழ்ப் பெயர்களை
ஹிருணி தடக்கித் தடக்கி வாசித்தாள்.
கொழும்பு வந்த காரணம்,
பதினொரு பேருக்கும் ஒரே கையெழுத்தில்:
கண் வைத்தியம்.
"எல்லாருக்குமா?" என்று கேட்டாள்.
என் கணவர் சிரிக்கத் தொடங்கி
பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தடுப்புகளைக் கழற்றினோம்.
கீழே, சாணகலமாய் இரண்டு கோடுகள்.
செவ்வரத்தம்பூச் சிவப்பு. கண்ணாடி மினுக்கம்.
மிச்ச நிலமெல்லாம் கால்கள் தேய்த்துத் தேய்த்து
சாம்பல் பாரித்த ரோஸ்.

தேடிய முதல் வருசம்
பலகைக்குக் கீழேதான் ஒளிந்திருந்திருக்கிறது,
ஹிருணியின் வரைபடத்தில் அகற்றுக என்று
குறுக்கே வெட்டப்பட்டிருந்த பலகை.

மெஷின் போட்டால் எல்லாம் ஒரே நிறம்,
கோடு இருந்ததே தெரியாது என்றார் லயனல் பாஸ்.
ஹிருணி வரைபடத்தைச் சுருட்டினாள், விரித்தாள்,
மறுபடியும் சுருட்டினாள்.
ரயில் ஒன்று போய் முடியும்வரை
ஒருவரும் பேசவில்லை.
மெழுகு மட்டும் போடுங்கோ என்றேன்.

பலகைகளை லயனல் பாஸ் ஹொரணைக்குக் கொண்டுபோய்
கோழிக்கூடு அடித்திருக்கிறார்.
படம் அனுப்பினார்.
அஞ்சு மணிக்குத் தண்ணி நிற்கும் என்பதற்குக் கீழே
ஒரு வெள்ளைப் பேடு அடைகாக்கிறது.

வருகிறவர்கள் சுண்ணாம்புச் சுவரைத் தடவிப் பார்க்கிறார்கள்.
அந்தக் காலத்து வீடு அப்படியே இருக்குது என்கிறார்கள்.
மகள் ஆரபிக்கு ஒரு கோடு கிரிக்கெட்டுக்கு, மற்றது வழக்குக்கு:
இதைத் தாண்டி வராதே.

இரண்டு கோடுகளிலும்
கதவு இருந்த இடத்தில் ஒரு இடைவெளி,
இரண்டரை அடி, தேய்ந்த நிறத்தில்.
இரவில் தண்ணி குடிக்க எழும்பினால்
லைட் போடாமலே
அதற்குள்ளால்தான் போய்வருகிறேன்.