ஏழு நாள் ஆறு

ராமநாதபுரத்துப் பங்குத் தண்ணீர்
திறந்துவிட்டு இன்றோடு ஏழு நாள்.
நாளைக் காலை ஷட்டரை இறக்கிவிடுவார்களாம்.
எங்களுக்கு இருந்தது ஒரு பகல்.

லாரி ட்யூப் நாலு,
பழைய கதவு ஒன்று,
நைலான் கயிறு.
பஞ்சர் கடை வைத்திருப்பவருக்குப்
படகு செய்ய வேறென்ன வேண்டும்.
விடியுமுன்னே கம்ப்ரஸரைப் போட்டுத்
தெருவையே எழுப்பிவிட்டார்.
கதவில் தாழ்ப்பாள் அப்படியே இருந்தது.
அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

கல்யாணமான புதிதில்
கொடைக்கானலில் படகு ஏற்றுகிறேன் என்றார்.
இருபத்தாறு வருஷம்.
ஏரி அங்கேயேதான் இருக்கிறது.
கடைக்குத்தான் லீவு இல்லை.

சோழவந்தான் பாலத்துக்குக் கீழே தள்ளினோம்.
கிழிசல் நோட்டைக் கடைக்காரர்
திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குவது போல
ஆறு எங்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு
வாங்கிக்கொண்டது.

கரையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் கேட்டார்:
"எங்கிட்டு போறீக?"
"மதுரைக்கு."
"பஸ் ஓடலையா?"
"ஓடுது."
அடுத்த வளைவு வரைக்கும்
அவர் கொப்பளிக்க மறந்து நின்றார்.

ஒரு பக்கம் கொடிக்கால் வாசனை.
மறுபக்கம் சீமைக்கருவேலம்.
மணல் அள்ளிய பள்ளங்களின் மேல்
ஒன்றுமே நடக்காத மாதிரி
தண்ணீர் சமமாக மூடிக் கிடந்தது.
காலைத் தொங்கவிட்டேன்.
மீன்குஞ்சுகள் மெட்டியைக் கடித்துப் பார்த்தன.

திருவேடகம்.
ஏடு ஒன்று இங்கே எதிரேறிப் போனதாம்.
நாங்கள் மருத மரத்து வேரில் கயிற்றைக் கட்டிப்
புளிச்சோற்றைப் பிரித்தோம்.
எதிரேறுகிற ஆசை
எங்கள் இரண்டு பேருக்குமே இல்லை.
தூரத்தில் ரயில் போனது,
எங்கேயோ நேரமாகிவிட்ட மாதிரி.

மேலக்கால் தாண்டி ஆழமான இடம்.
கழி தரை தட்டவில்லை.
இவர் திடீரென்று என் பேரைச் சொன்னார்.
இந்தா, ஏய், உன்னைத்தான்,
இத்தனை நாளும் இவைதான் என் பேர்.
"செல்லத்தாயி" என்றார்,
கழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு,
"எனக்கு நீச்சல் தெரியாது."

முள்ளிப்பள்ளத்துக் கிணறுகளில்
தலைகீழாகக் குதித்து வளர்ந்தவள் நான்.
ஊர்ப் பிள்ளைகள் நீச்சல் பழக
ட்யூப் வாடகைக்கு விட்டவர் இவர்.
மகன் பழகிய நாட்களில்
கிணற்று மேட்டில் நின்று கயிறு பிடித்தாரே ஒழிய
ஒரு நாளும் சட்டையைக் கழற்றியதில்லை.
"தெரியும்" என்றேன்.
"தெரிஞ்சா ஏன் சொல்லல?"
"நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்."

அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.
நீர்க்காகம் முங்கிய இடத்தையும்
அது எழும்பிய இடத்தையும்
பார்த்துக்கொண்டே போனோம்.
படகு தானாகத் திரும்பி
வந்த திசையைக் கொஞ்ச நேரம் காட்டியது,
பிறகு போகிற திசையை.

துவரிமானுக்கு வரும்போதே
தண்ணீரின் குரல் மாறிவிட்டது.
முன்கூட்டியே இறக்கிவிட்டார்கள் போல.
கரையில் ஈரக்கோடு
ஒரு சாண் மேலே நின்றது.
கோச்சடைக்கு முன்னால்
ஆகாயத்தாமரைக்குள் மூக்கை நுழைத்துப்
படகு தரைதட்டியது.

கணுக்கால் தண்ணீர்.
அதில் ராஜா மாதிரி இறங்கினார்.
"நீ உட்காரு."
கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார்,
இருபது முப்பது அடி,
கதவின் மேல் நான்,
சாக்கடை வந்து சேருகிற இடம் வரைக்கும்.

கரையேறி வால்வைப் பிடுங்கினார்.
காலையில் எங்கள் தெருவில் அடைத்த காற்று
உஸ்ஸென்று இறங்கியது
கோச்சடைக்குள்.
கதவை அங்கேயே ஒரு டீக்கடைக்காரருக்குக்
கொடுத்துவிட்டோம், தாழ்ப்பாளோடு.

பஸ்ஸில் கண்டக்டர்
ட்யூபுகளுக்கு லக்கேஜ் போட்டார்.
நனைந்த வேட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"எங்கிட்டிருந்து வர்றீக?"
"சோழவந்தான்."
"எங்கிட்டு போகணும்?"
"சோழவந்தான். ரெண்டு."